வலப்பக்கக் கம்பியில் கட்டிய பூ

எனக்குத் தண்ணீரைக் கண்டால் பயம். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது. நான் பிறந்து வளர்ந்தது குண்டலுபேட்டையில். அங்கே தண்ணீர் குடத்தில் இருக்கும், தொட்டியில் இருக்கும், கோடையில் அதுவும் இருக்காது. ஆள் மூழ்கும் அளவுக்கு அது ஓரிடத்தில் நின்று நான் பார்த்ததே கல்யாணமாகி மைசூருக்கு வந்து, கே.ஆர்.எஸ். அணையைக் காட்டக் கூட்டிப்போனபோதுதான். அன்றைக்கே என் கணவரின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

அப்படிப்பட்ட என்னை அந்த அணையின் பின்நீரில், ஆஷாட மாதக் காற்றில், படகுக்கு வெளியே ஒரு கம்பியில் தொங்கவிட்ட பெருமை என் நாத்தனாரையே சேரும். கணவருக்கு ஒரே தங்கை. பஸ்களுக்கு ஃபைபர் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இன்ஜினியர். யாரோ வேண்டாமென்று ஒதுக்கிப் போட்ட பழைய பந்தயப் படகு ஒன்றை ஒருநாள் வீட்டு வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். கேட்டமரான். படகின் உடம்பாக மெல்லிய நீளமான இரண்டு ஓடுகள், அவற்றுக்கு நடுவே இழுத்துக் கட்டிய ஒரு துணித்தளம், மேலே மொட்டை மாடியை எட்டிப்பிடிக்கும் பாய்மரம். உட்கார ஒரு பலகைகூட இல்லை.

"இதுல எங்கடி உக்கார்றது?" என்று கேட்டேன்.

"உக்காரவே வேண்டாம் அண்ணி, வெளிய தொங்கணும்."

கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். பைத்தியக்காரி நான்.

படகைப் பலப்படுத்தும் வேலை கார் ஷெட்டில் நடந்தது. ஓடுகளின் மேல் கட்டைவிரலை வைத்து அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்ப்பாள். அமுங்குகிற இடத்தில் பென்சிலால் வட்டம் போடுவாள். அங்கே துளை போட்டு ரெசின் பிசினை ஏற்றி, உள்பக்கம் கண்ணாடி இழைத் துணியை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டுவாள். துணியைப் பிடித்துக்கொள்ள நான். அந்த நாற்றத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் ஓட்டோடு சேரும் இடத்துக்கு மட்டும் இரட்டிப்புத் துணி போட்டாள். "காத்து மொத்தமும் இங்கதான் அண்ணி இழுக்கும். இது போச்சுன்னா பாய்மரம் போச்சு. பாய்மரம் போச்சுன்னா நாம போச்சு," என்று பல்லைக் காட்டினாள்.

அந்தக் கம்பிகளைப் படகின் ஓட்டோடு சேர்ப்பது விரல் நீளத்தில் ஒரு எஃகு பின். ஒரு முனையில் தலை இருக்கும். மறுமுனையில் சின்ன ஓட்டை. அந்த ஓட்டையில் சாவிக்கொத்து வளையம் போல ஒரு வளையத்தைச் சுற்றி மாட்டினால் பின் கழலாது. இவ்வளவு பெரிய படகின் உயிர் இந்தச் சுண்டைக்காய் வளையத்திலா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். வேலை செய்யும்போது அவள் நட்டு, வாஷர், வளையம் எல்லாவற்றையும் விரல்களில் மாட்டிக்கொள்வாள். கீழே வைத்தால் தொலைந்துவிடுமாம். சில நாள் அதே கையோடு சாப்பிடவும் உட்கார்ந்து மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

நான் எதற்கு இந்தப் படகுக்கு என்று கேட்பீர்கள். என் எடைக்காகத்தான். காற்று பாயைத் தள்ளும்போது படகு ஒரு பக்கமாகச் சாயும். எதிர்ப்பக்கம் ஒருத்தர் இடுப்பில் கச்சை கட்டி, பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் கொக்கியை மாட்டி, ஓட்டின் விளிம்பில் கால் வைத்து வெளியே மல்லாந்து தொங்கினால்தான் சமன்படும். நாத்தனார் ஈர்க்குச்சி. ஊதினால் பறப்பாள். கல்யாணமான நாளிலிருந்து என் உடம்பைக் கிண்டல் பண்ணிய அதே குடும்பம், "அண்ணி இருந்தா போதும், படகு அசையாது," என்று ஒரே குரலில் பேச ஆரம்பித்தது. சீசன் தொடங்குமுன், காற்று படுத்திருந்த நாட்களில் மூன்று நான்கு முறை போனேன். தொங்கினேன். நிஜத்தைச் சொன்னால் கொஞ்சம் பிடித்தும் போயிற்று. அதுதான் என்னை ஏமாற்றியது.

ஆஷாடம் பிறந்தது, தமிழில் ஆனி ஆடி. மேற்கிலிருந்து காற்று விடாமல் அடிக்கிற மாதம். ஞாயிற்றுக்கிழமை பின்நீரில் பாய்மரப் படகுப் பந்தயம், நாத்தனார் எங்கள் இருவர் பெயரையும் கொடுத்திருந்தாள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில் மாமியாரும் நானும் சாமுண்டி மலைக்குப் போய்விட்டு வந்தோம். ஆஷாட வெள்ளிக்கு மலைக்குப் போகாமல் மாமியாருக்குத் தண்ணீர்கூட இறங்காது. சாயங்காலம், பிரசாதமாகக் கிடைத்த பூச்சரத்தோடு நேராகப் படகுக் கரைக்கே வந்துவிட்டார். பாய்மரத்தை நிறுத்தி, மணலில் படகு தயாராக நின்றது. நாத்தனார் பக்கக் கம்பிகளை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டிருந்தாள். இறுக்குவதென்றால் பின்னை உருவி, கம்பி நுனியில் இருக்கும் தகட்டில் ஒரு ஓட்டை தள்ளி மறுபடி மாட்ட வேண்டும். இடப்பக்கம் முடிந்துவிட்டது. வலப்பக்கத்தில் குனிந்திருந்தாள்.

"போதும் எந்திரி கண்ணு. வெளக்கு வெக்கற நேரமாச்சு. கைய கழுவீட்டு வந்து கும்புடு," என்றார் மாமியார். கொள்ளேகால் பக்கத்துத் தமிழ் அவருடையது. நாற்பது வருஷம் மைசூரில் இருந்தும் மாறவில்லை.

"ஒந்து நிமிஷா அம்மா..." மைசூரிலேயே வளர்ந்தவள், அவசரத்தில் கன்னடம்தான் வரும்.

"நிமிசமெல்லாம் அப்பறம். மொதல்ல எந்திரி."

அவள் எழுந்தாள். மாமியார் அந்த வலப்பக்கக் கம்பியின் அடியிலேயே, கம்பி ஓட்டோடு சேரும் இடத்தில், பூச்சரத்தைச் சுற்றோ சுற்றென்று சுற்றி முடிச்சுப் போட்டார். அந்த வீட்டில் எந்த வண்டி வந்தாலும் வலப்பக்கம்தான் பூ. கட்டிய பூவை யாரும் பிரிக்கக் கூடாது. "அதா உழுகற வரைக்கும் யாரும் கை வெக்கப்படாது. தெரியுதா அம்முணி?" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் தலையாட்டினேன். கற்பூரம் காட்டினோம். எலுமிச்சம்பழம் நசுக்கினோம். இருட்டிவிட்டது, வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மறுநாள் சனிக்கிழமை, வெள்ளோட்டம். காரிலிருந்து இறங்கும்போதே கதவைக் காற்று பிடுங்கியது. தண்ணீர் முழுக்க வெள்ளை வெள்ளையாக நுரை.

"இன்னைக்கு வேண்டாம்டி. நல்லா இல்ல இது."

"டென்ஷன் பேடா அண்ணி, பயப்படாதீங்க. நாளைக்கும் இதே காத்துதான். இன்னைக்குப் பழகலைன்னா நாளைக்கு எப்படி?" கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே சொன்னாள். பிறகு என் கழுத்தைப் பார்த்தாள். "நகையெல்லாம் கழட்டணும்னு சொன்னேன்ல? கயிறுல மாட்டிக்கும்."

வளையல், தோடு எல்லாம் கழற்றிவிட்டேன். தாலியை மட்டும் எப்படிக் கழற்றுவது? மாமியார் புளியோதரை டப்பாவோடு பக்கத்திலேயே நிற்கிறார். சங்கிலியை மிதவைச் சட்டைக்குள்ளே தள்ளிவிட்டேன். அதில் எல்லாப் பெண்களையும் போல இரண்டு ஊக்குகள். "அண்ணி எங்க போனாலும் தையல் கடையத் தூக்கிட்டே போவாங்க," என்று அதற்கும் ஒரு நக்கல்.

படகைப் பார்த்தோம். கயிறு பார்த்தோம், சுக்கான் பார்த்தோம், இடப்பக்கப் பின்னைப் பார்த்தோம். வலப்பக்கத்தில் பூ இருந்தது. வாடியிருந்தாலும் கெட்டியாக இருந்தது. அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதற்கு அடியில் பார்க்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

தெற்குக் கரையிலிருந்து வடக்கே புறப்பட்டோம். மேற்குக் காற்று எங்கள் இடப்பக்கம். அதனால் நான் இடப்பக்கம் தொங்கினேன். அம்மாடி, அது என்ன வேகம்! பழைய படகு என்று யார் சொன்னது? வலப்பக்க ஓடு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போக, நான் இருந்த ஓடு அந்தரத்தில் எழும்பி எழும்பி இறங்கியது. தண்ணீர் முகத்தில் அறைந்தது. "சூப்பர் அண்ணி! இன்னும் வெளிய!" என்று அவள் கத்தினாள். நான் சாமுண்டியம்மனைக் கூப்பிட்டேன், என் அம்மாவைக் கூப்பிட்டேன், கடைசியில் என் கணவரையும் திட்டினேன். அவர் ஃபேக்டரியில் நிம்மதியாக ஷிஃப்ட்டில் இருந்தார்.

நடுவில் போனபோது காற்று இன்னும் ஏறியது. மேற்கே வானம் கறுத்து, மழை ஒரு திரையாக இறங்கி வந்தது. நாத்தனார் படகைக் காற்றுக்கு நேரே திருப்பி, பாய்களைத் தளர்த்தினாள். பாய்கள் படபடவென்று அடித்துக்கொள்ள, படகு நின்று ஆடியது. "முன் பாயோட கயிறு வலப்பக்கம் சிக்கிக்கிச்சு. உள்ள வந்து எடுத்து விடுங்க," என்றாள். கொக்கியைக் கழற்றி, துணித்தளத்தில் நாலு காலில் தவழ்ந்து வலப்பக்கம் போனேன்.

கயிற்றை எடுத்து விட்டேன். அப்போதுதான் பார்த்தேன். முன் பாயின் கயிறு இத்தனை நேரம் சாட்டை போல அடித்ததில் பூச்சரம் காணாமல் போயிருந்தது. ஒரு நார் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அடியில் அந்த எஃகு பின் பாதிக்குமேல் வெளியே வந்திருந்தது. அதன் முனையில் இருந்த ஓட்டை காலியாக இருந்தது. வளையம் இல்லை.

பின்னை உள்ளே தள்ளிக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு தூரமும் காற்று இடப்பக்கம் இருந்ததால் இழுவை எல்லாம் இடப்பக்கக் கம்பியில். வலப்பக்கக் கம்பி தொய்ந்து ஆடிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த ஆட்டத்தில் பின் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றிருக்கிறது. ஆனால் கரை தெற்கே இருக்கிறது. திரும்பிப் போனால் காற்று வலப்பக்கம் வரும். மொத்த இழுவையும் இந்தக் கம்பிக்கு வரும்.

"வளையம் இல்லடி!" என்று கத்தினேன்.

"ஏனு?"

"பின்னுல வளையம் இல்ல! வலப்பக்கம்!"

அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அதற்கு முன் அந்த முகத்தில் பயத்தை நான் பார்த்ததே இல்லை. என் பயத்தைவிட அவள் பயம்தான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. "பாயை இறக்கிடலாம்," என்றேன். பெரிய பாய் உச்சியில் கொக்கியில் மாட்டியிருக்கிறது, கரையில் நிறுத்திக் குலுக்கினால்தான் வரும், இந்த ஆட்டத்தில் வராது என்றாள். காவலுக்குச் சுற்றும் மோட்டார் படகு எங்கே என்று தேடினோம். அது தூரத்தில் கவிழ்ந்து கிடந்த வேறொரு படகோடு போராடிக்கொண்டிருந்தது. கையை ஆட்டினோம். மழையில் யாருக்குத் தெரியும்? சும்மா இருந்தாலும் காற்று எங்களைக் கிழக்கே தள்ளிக்கொண்டிருந்தது. கிழக்கே அணையின் கற்சுவர். குண்டலுபேட்டையில் நிம்மதியாக இருந்த என்னை இங்கே யார் வரச் சொன்னது என்று ஆத்திரமாக வந்தது.

"எதையாவது வச்சுப் பூட்டுங்க அண்ணி. கம்பி, ஆணி, எதாவது!"

படகில் ஆணிக்கு எங்கே போவது? அப்போது கழுத்தில் ஊக்கு குத்தியது. குத்தியதோ இல்லையோ, ஞாபகம் வந்தது. ஒரு கை பின்னை விட முடியாது. இன்னொரு கையால் மிதவைச் சட்டைக்குள் விட்டு, தாலிச் சங்கிலியை வெளியே இழுத்து, பல்லால் கடித்து ஒரு ஊக்கைக் கழற்றினேன். ஓட்டைக்கு நேரே கொண்டுபோகும்போது ஓர் அலை அடித்தது. ஊக்கு தண்ணீரில் போய்விட்டது. சத்தம்கூட இல்லை.

ஐயோ என்று அழுதேவிட்டேன். மூக்கும் கண்ணும் ஒழுக அழுதேன். இனி ஒன்றுதான். விரல் மரத்துவிட்டது. வயிற்றை ஓட்டோடு அழுத்திக் குப்புறப் படுத்து, இரண்டாவது ஊக்கைக் கழற்றி, இந்த முறை வாயிலேயே வைத்துக்கொண்டு முகத்தை அந்த எஃகு பின்னின் ஓட்டைக்கு நேரே கொண்டுபோனேன். தண்ணீர் வாய்க்குள் போயிற்று. எப்படி நுழைந்தது என்று இன்றைக்கும் தெரியாது. நுழைந்தது. மடக்கி மூடினேன். இவ்வளவு செய்த பிறகும், புடவைத் தலைப்பைப் பிடிக்கிற ஒரு ஊக்குதான் அது.

"திருப்பட்டுமா?" என்றாள்.

"வேண்டாம்" என்று சொல்லத்தான் வாய் வந்தது. கிழக்கே பார்த்தேன். சுவரின் கற்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. "திருப்பு," என்றேன்.

இந்த மாதிரிப் படகு காற்றைத் தாண்டித் திரும்ப லேசில் சம்மதிக்காது. பாதியில் நின்று பின்னால் போக ஆரம்பித்தது. அவள் சுக்கானை எதிர்ப்பக்கம் தள்ளி, பின்னால் போகவிட்டே மூக்கைத் திருப்பினாள். காற்று வலப்பக்கம் வந்தது. பாயின் கயிற்றை அவள் வெடுக்கென்று இழுக்கவில்லை. பால் பொங்கும்போது அடுப்பைக் குறைப்பது போல, இம்மி இம்மியாக இழுத்தாள். தொய்ந்திருந்த கம்பி நிமிர்ந்தது. விறைத்தது. அதிலிருந்து ஒரு ரீங்காரம் கிளம்பியது. ஊக்கு நடுங்கியது. நின்றது.

"இப்ப வெளிய போங்க அண்ணி. நீங்க தொங்கலைன்னா சாஞ்சிடும்."

அந்தப் பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில், அந்த ஊக்கை நம்பி, நான் வெளியே மல்லாந்து தொங்க வேண்டும். போனேன். வேறு என்ன செய்ய? தண்ணீரைப் பார்க்கவில்லை, கரையைப் பார்க்கவில்லை. காலுக்குப் பக்கத்தில் இருந்த ஊக்கை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன். அதனிடம் பேசினேன். கெஞ்சினேன். நான் கண்ணை எடுத்தால் அது திறந்துகொள்ளும் என்று நிச்சயமாக நம்பினேன்.

அப்போது பெருங்காற்று ஒன்று வந்து மோதியது. படகின் முன் மூக்கு இரண்டும் தண்ணீருக்குள் இறங்கின. அப்படியே போனால் படகு தலைகுப்புறக் கவிழும்.

"பின்னாடி! பின்னாடி வாங்க! பேகா, சீக்கிரம்!"

பின்னால் போனால் ஊக்கு தெரியாது. ஒரு கணம் நகராமல் நின்றேன். "அண்ணீ!" என்று அவள் கத்திய கத்தலில் காலைப் பின்னால் வைத்து வைத்து அவள் பக்கத்திலேயே போய்விட்டேன். அவள் பாயைத் தளர்த்தினாள். மூக்கு மேலே வந்தது. அதற்குப் பிறகு கரை வரும்வரை அந்த ஊக்கு இருக்கிறதா போய்விட்டதா என்று எனக்குத் தெரியாது. கம்பியின் ரீங்காரம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றால் நாங்கள் இல்லை. காதை அதிலேயே வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். அவள் தோளை என் கால் தொட்டுக்கொண்டிருந்தது, அது ஒன்றுதான் தைரியம்.

ஓடு மணலில் உரசியதும் கொக்கியைக் கழற்றாமலே குதித்து, தொங்கி, விழுந்தேன். எழுந்து முதலில் போய்ப் பார்த்தேன். ஊக்கு திறந்துவிட்டிருந்தது. வாய் திறந்து, ஒரு கொக்கி போல வளைந்து, பின்னின் ஓட்டையில் நுனி மட்டும் மாட்டிக்கொண்டிருந்தது. தொட்டேன். கையோடு வந்துவிட்டது.

மாமியார் மணலில் ஓட்டமும் நடையுமாக வந்தார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கம்பியைத்தான் பார்த்தார். "பூவு உழுந்துருச்சா? அதாவே உழுந்துருச்சா? சாமுண்டியம்மா உத்தரவு குடுத்துட்டா பாத்தியா அம்முணி," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. வளையம் மாட்ட விடாமல் எழுப்பியது யார், அதன் மேல் பூவைச் சுற்றியது யார், இன்றைக்கு ரெண்டு பேரையும் வாரிக் கொடுத்திருப்பீர்கள் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நாத்தனாரும் அதையே சொல்லப்போகிறாள் என்று அவள் பக்கம் திரும்பினேன்.

அவள் ஈரக் கையுறையை இழுத்துக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றியவள் அப்படியே நின்றுவிட்டாள். வலது கைச் சுண்டுவிரலில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாட்டியது, அந்த எஃகு வளையம் இருந்தது. அதே கையோடு ராத்திரி சாப்பிட்டிருக்கிறாள், தூங்கியிருக்கிறாள், காலையில் குளித்திருக்கிறாள். எங்கள் உயிர் போய் வந்த அத்தனை நேரமும் அந்தக் கைதான் சுக்கானைப் பிடித்திருந்தது.

மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீரில் ஒரு தரம்கூட நடுங்காத பெண்ணுக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. நான் அவள் பக்கத்தில் விழுந்து, அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வளையத்தைக் கழற்றப் பார்த்தேன். விரல் நீரில் ஊறி வீங்கியிருந்தது, வரவில்லை. எனக்கும் கை நடுக்கம் நின்றபாடில்லை.

மாமியார் குனிந்து பார்த்தார். ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெறும் வளையந்தானே கண்ணு," என்றார். "சோப்புப் போட்டா கழண்டுட்டுப் போவுது. இதுக்கு எதுக்கு ரெண்டு பேரும் இந்த நடுங்கு நடுங்கறீங்க?"